முப்பது மீட்டருக்கு முப்பத்தெட்டு சென்டிமீட்டர் குறைவு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சர்வேயர் ஒரு மாபெரும் முடிவோடு எழுந்தார். பல் தேய்ப்பதற்கு முன்பே அதை அறிவித்தும் விட்டார்.

"இங்க பாரு. பின்னாடி நிக்குதே மரம், அத வெட்டப் போறேன்."

மனைவி தையல் மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"பல்லு தேச்சுட்டு வந்து வெட்டுங்க."

"விளையாட்டு இல்ல. முடிவு பண்ணிட்டேன்."

"சரிங்க."

சர்வேயருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் அவர் எதையாவது முடிவு பண்ணிவிட்டேன் என்று சொல்லி, அவள் சரிங்க என்று சொன்ன சரித்திரமே கிடையாது. சண்டைக்கு வேண்டும் என்று முந்தின நாளே பதினாலு வாதங்களைத் தயார் பண்ணி வைத்திருந்தார். இப்போது அத்தனையும் வீண். மனுஷனுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

விஷயம் இதுதான். ஊரில் யாருக்கு நிலத்தகராறு என்றாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். இவர் நட்ட எல்லைக்கல்லை எந்தக் கோர்ட்டும் அசைத்ததில்லை. கூடப் படித்தவர்கள் இவருக்கு 'மில்லிமீட்டர்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். இவரும் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். ஊராருடைய ஏக்கர் ஏக்கரான நிலத்தையெல்லாம் பிரித்துக் கொடுத்த இந்த மனுஷனுக்குச் சொந்த வீட்டில் ஒரு மேஜை போட இடம் கிடையாது.

இருப்பது மூன்று அறை. அதில் வெளிச்சமும் காற்றும் வருகிற ஒரே அறை மனைவியின் தையல் அறை. அவள் கைக்கு ஊரில் நல்ல பெயர். காலையிலிருந்து அளவு கொடுக்க வருகிறவர்களும் போட்டுப் பார்க்க வருகிறவர்களுமாக வீடு நிறைந்திருக்கும். சர்வேயர் சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரிப்பார். "தட்டு வைக்கணும், எடுங்க" என்பாள். எடுப்பார். ஒருமுறை எடுக்க மறந்து, டம்ளர் வைத்த வட்டத்தோடேயே வரைபடம் கட்சிக்காரரிடம் போய்ச் சேர்ந்தது. தன் நிலத்தில் கிணறு எப்போது வந்தது என்று அவர் நேரில் வந்து கேட்டார். அன்றைக்கு சர்வேயர் பட்ட அவமானம் சொல்லி முடியாது.

ஆகவே வீட்டுக்குப் பின்னால் தனக்கென்று ஓர் அறை. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, உள்பக்கம் தாழ்ப்பாள். அவ்வளவுதான் அவர் ஆசை. பின்னால் இடமும் இருந்தது. அந்த இடத்தின் நட்டநடுவில்தான் மரம் நின்றது.

அது என்ன மரம் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. இந்த வீட்டில் முன்னால் இருந்தவர் வைத்துவிட்டுப் போனது. நெட்டுக்குத்தாக மேலே போய், தலையில் மட்டும் ஒரு பெரிய அடர்த்தி. காலை பதினொரு மணியிலிருந்து சாயங்காலம் நாலு மணிவரை அதன் நிழல் தையல் அறைமேல் விழும். மரம் போனால் அந்த அறையில் உட்கார முடியாது, அடுப்புதான். நாலு வருஷத்துக்கு முன்னால் மரத்தைப் பற்றிப் பேச்செடுத்தபோது மூன்று நாள் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. அந்த மனைவிதான் இப்போது சரிங்க என்கிறாள்.

"நெசமாவா சரிங்கற?"

"உங்களுக்கும் ஒரு ரூம் வேணாமா? பாவம். நான் ஃபேன் போட்டுக்கறேன்." நூலைப் பல்லால் கடித்தாள். "ஒண்ணே ஒண்ணுதான். முப்பது மீட்டருக்கு மேல போன மரத்த வெட்ட நகராட்சி விடாதாமே? அங்க வேலை பாக்கற அம்மா அளவு குடுக்க வந்தப்ப சொன்னாங்க. முப்பதுக்குக் கீழன்னா சர்வேயர் சர்டிபிகேட் வச்சு மனு போட்டாப் போதுமாம்."

"சர்வேயர் நானே இருக்கேன்!"

"அதத்தான் நானும் சொல்றேன். நல்லா அளந்துடுங்க."

சர்வேயர் அன்றே கோணம் அளக்கிற தியோடலைட்டைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தார். அதன் பெட்டிமேல் இரண்டு மூட்டை வெட்டுத்துணி இருந்தது. மூன்று கால் ஸ்டாண்டு குளியலறைக் கதவுக்குப் பின்னால் துண்டு தொங்கப் போட்டபடி நின்றது. இரண்டையும் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக்குப் போய் நிறுத்தினார். மரத்தடியில் மனைவி அளவுக்கோலைப் பிடித்தாள்.

"நேராப் புடி!"

"நேராத்தான் நிக்கறேன்!"

"நீ நேரா நிக்கற, கோல் சாயுது!"

"கோலுக்குத்தான் சொல்றீங்கன்னா என்னை ஏன் பாத்துக் கத்தறீங்க?"

பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் பல் டாக்டர் வந்து எட்டிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு வேறு வாய் கிடைக்காது, இந்த வீட்டு வாய்தான்.

"என்ன சார், மரத்துக்கு எக்ஸ்ரேயா?"

"உயரம் அளக்கறேன் டாக்டர். வெட்டணும்."

"வேரோட பிடுங்கறதுன்னா சொல்லுங்க, நானும் வரேன்."

சர்வேயர் சிரிக்கவில்லை. அடிக்கு ஒரு கோணம், உச்சிக்கு ஒரு கோணம், நடுவில் தூரம். எழுதினார், பெருக்கினார், கூட்டினார். இருபத்தொன்பது மீட்டர் அறுபத்திரண்டு சென்டிமீட்டர். முப்பதுக்கு முப்பத்தெட்டு சென்டிமீட்டர் குறைவு! தெருவென்றும் பார்க்காமல் கையைத் தூக்கி ஒரு குதி குதித்தார்.

"முடிஞ்சுது! நாளைக்கே மனு!"

மனைவி அளவுக்கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்து வந்தாள். வந்து குனிந்து தியோடலைட்டுக்குள் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஏங்க, நீங்க உச்சின்னு பாத்தது இந்தப் பக்கம் நீட்டிக்கிட்டிருக்கற கொப்பத்தானே?"

"ஆமா."

"இது இங்கேருந்து பாக்கறதுக்கு ஒசரமாத் தெரியுது. நெசமான உச்சி இதுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்தா?"

அவள் சொன்னது சரி. அடர்த்தியான மரத்தைக் கீழே நின்று பார்த்தால், நம் பக்கம் நீண்டிருக்கிற கொப்பு பின்னால் இருக்கிற நிஜ உச்சியை மறைத்துவிடும். எந்தக் கற்றுக்குட்டிக்கும் தெரிகிற சமாசாரம். அதைத் தையல் மெஷின் மிதிக்கிறவள் சொல்லி இவர் கேட்கவேண்டி வந்ததில்தான் எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

"முப்பத்தெட்டு சென்டிமீட்டர் இருக்கே, போதாதா?"

"எனக்குப் போதும்ங்க. நாளைக்கு நகராட்சிலேருந்து வேற ஒருத்தன் வந்து அளந்து, நம்ம மில்லிமீட்டர் சார் கொப்ப உச்சின்னு நெனச்சிட்டார்னு ஊர் பூரா சொன்னா? உங்க பேருக்காகத்தான் சொல்றேன். மத்தபடி எனக்கென்ன, வெட்டுங்க."

அன்றைக்கு மனு எழுதப்படவில்லை.

அடுத்த ஞாயிறு பல் டாக்டர் மாடியில் தியோடலைட் ஏறியது. அங்கிருந்து பார்த்ததும் சர்வேயருக்கு அடுத்த தலைவலி. மரம் நேராக இல்லை. உச்சி தெருவுக்கு எதிர்ப்பக்கமாக இரண்டு மீட்டர் சாய்ந்திருந்தது. உச்சி, அடிமரத்துக்கு நேர் மேலே நிற்கிறது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கெல்லாம் தப்பு. உச்சிக்கு நேர் கீழே தரையில் எந்தப் புள்ளி இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும், தூரத்தை அங்கிருந்து எடுக்க வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமை அதற்கே போயிற்று. அந்தப் புள்ளி கடைசியில் மனைவி துணி உலர்த்துகிற கொடிக்கு அடியில் வந்து நின்றது. ஈரப் போர்வை முகத்தில் அறைய அறைய அங்கே ஓர் ஆணி அடித்தார். விடை, இருபத்தொன்பது அறுபத்தாறு.

"இப்பவாவது ஒத்துக்கறியா?"

"அய்யோ, நான் எப்பங்க ஒத்துக்கல? இந்தத் தாள்ல தேதி போட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க. பத்திரமா வைக்கிறேன். உங்ககிட்ட இருந்தா தொலைச்சிருவீங்க." தாளை வாங்கினாள், ஊதி மையைக் காயவைத்தாள். "ஆமா, அடின்னு எத வச்சீங்க?"

"அடின்னா அடிதான். மரம் மண்ண விட்டு வெளிய வர்ற இடம்."

"மேல்பக்கமா, கீழ்ப்பக்கமா? அங்க மண்ணு சரிவா இல்ல இருக்கு? நான் கோல் புடிச்சுக்கிட்டு நிக்கறப்பவே ஒரு கால் மேலயும் ஒரு கால் கீழயுமா நின்னேன்."

சர்வேயர் தலையில் அடித்துக்கொண்டார். ஓடிப்போய்ப் பார்த்தார். மரத்தின் மேல்பக்கத்துக்கும் கீழ்ப்பக்கத்துக்கும் பதினெட்டு சென்டிமீட்டர் வித்தியாசம். இதை வைத்துக்கொண்டு மனுஷன் எப்படி நிம்மதியாகச் சாப்பிடுவார்? இரண்டுக்கும் நடுவை அடியாக வைத்து எல்லாவற்றையும் மறுபடி செய்தார். இருபத்தொன்பது எழுபத்தைந்து. தேதி, கையெழுத்து.

"சும்மா தாளா இருக்கே, உங்க சீலையும் குத்துங்களேன்" என்றாள் மனைவி. குத்தினார். கோபத்தில் இரண்டு தரம் குத்தினார்.

சீல் காய்வதற்குள் அவள் அடுத்ததை ஆரம்பித்தாள். இந்தத் தடவை கையில் இஞ்ச் டேப் இருந்தது.

"நான் தெரியாமத்தான் கேக்கறேன். நீங்க தூரத்துல நின்னு கோணத்தப் பாத்து அளவு சொல்றீங்க. நான் அப்படித் தெருமுனைல நின்னு ஒருத்தரப் பாத்துட்டுக் கால்சட்டை தைச்சா போட்டுப்பாங்களா? டேப்ப ஒடம்புல வச்சாத்தான் எனக்கு அளவு."

"இது விஞ்ஞானம்! உன் கால்சட்டை இல்ல!"

"ஓகோ. அப்ப டேப் போட்டு அளந்தாலும் இதே அளவுதானே வரும்? போட்டுக் காமிச்சிருங்களேன்."

இதற்கு மறுப்புச் சொல்லச் சர்வேயரின் ரோஷம் இடம் கொடுக்கவில்லை. மரம் ஏறுகிறவர் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார். ஐம்பது வயது, பெரிய மீசை, இடுப்பில் கயிறு. மீசைக்காரர் இரும்பு டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு ஏறிப்போனார். கீழே சர்வேயர் கழுத்தை ஒடித்துக்கொண்டு நின்றார்.

"உச்சிக்குப் போயிட்டீங்களா?"

"போயிட்டேன் சார்!"

"உங்க தலைக்கு மேல என்ன தெரியுது?"

"இன்னும் கொஞ்சம் மரம் சார்!"

"அப்ப அது எப்படிய்யா உச்சியாகும்? இன்னும் ஏறுங்க!"

"நான் தாங்குவேன் சார், கொப்பு தாங்காது!"

பல் டாக்டர் மாடியிலிருந்து ஒரு யோசனை சொன்னார். ஒட்டடைக் கம்பு. கம்பு ஏறியது. கம்பின் நுனியில் டேப்பைக் கட்டி மீசைக்காரர் தூக்கிப் பிடித்தார். நுனி எட்டியதா எட்டவில்லையா என்று மாடியிலிருந்து டாக்டர் சொல்ல வேண்டும். "இன்னும், இன்னும், பெரிசா, ஆ..." என்று அவர் பழக்கதோஷத்தில் சொல்லிக்கொண்டே போனார். காற்று அடிக்கிறபோதெல்லாம் மரமும் மீசையும் சேர்ந்து ஆடின. ஒவ்வொரு தடவையும் "ஆடாதீங்க!" என்று சர்வேயர் கத்தினார். காற்று நிற்கிறவரைக்கும் மூன்று மணி நேரம் எல்லோரும் அப்படியே நின்றார்கள். இருபத்தொன்பது எழுபத்தொன்பது.

மீசைக்காரர் இறங்கி வந்து தண்ணீர் குடித்தார். சர்வேயர் மனு எழுதப் பேனாவைத் திறந்தார். மனைவி விசிறிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பப்பா, என்ன வெயில்! இரும்பெல்லாம் வெயில்ல நீளும்னு நீங்க ஒருநாள் சொன்னீங்க இல்ல?"

பேனா நின்றது.

சர்வேயர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பார்வையில் வெறும் கோபம் இல்லை. இத்தனை வருஷத்தில் அவர் தொழிலைப் பற்றி அவளாக ஒரு வார்த்தை பேசினாளா? இன்றைக்கு இரும்பின் விரிவைப் பற்றிக் கேட்கிறாளே! எரிச்சலின் நடுவிலும் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. டேப்பின் வெப்பநிலை, அது தொங்கும்போது தன் எடையாலேயே நீள்கிற நீளம், எல்லாவற்றையும் கணக்குப் போட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் திருத்தத்தை அறிவித்தார்.

"ஏழு மில்லிமீட்டர்!"

"நல்லவேளைங்க" என்றாள் அவள். புதுத் தாள், புது தேதி, கையெழுத்து, சீல்.

இப்படியே கோடை போயிற்று. காற்றில்லாத நாளில் அளந்தால்தான் சரி என்றாள். காற்றில்லாத நாளுக்குக் காத்திருந்தார். இலையை உச்சியாக எடுப்பதா, குச்சியை எடுப்பதா என்றாள். அதைப் பற்றி யோசிக்க ஒரு மாதம் ஆயிற்று. பிறகு மழை பிடித்துக்கொண்டது. இரண்டரை மாதம். தியோடலைட் கட்டிலுக்கு அடியில், வெட்டுத்துணி மூட்டைக்குக் கீழே கிடந்தது. சர்வேயர் ஜன்னல் வழியே மரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு, சாப்பாட்டு மேஜையிலேயே வரைந்தார். மரம் குளித்துக் குளித்துப் பளபளவென்று நின்றது.

மழை விட்ட முதல் ஞாயிறு அளந்தார். இருபத்தொன்பது தொண்ணூற்று மூன்று.

சர்வேயர் முகம் வெளுத்துவிட்டது. கோடையில் எடுத்ததற்கும் இதற்கும் பதினாலு சென்டிமீட்டர் வித்தியாசம். இவருக்கு! பதினாலு சென்டிமீட்டர்! அவர் அளந்த நிலம் எதுவும் மறுபடி அளந்தபோது ஒரு விரல்கூட மாறியதில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் நட்ட கல்லை இன்றைக்குப் போய் அளந்தாலும் அதே அளவு வரும். அப்படியானால் கருவியில்தான் கோளாறு.

"கருவி கெட்டுப்போச்சு" என்றார்.

மனைவி தையலை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். முகத்தில் அப்படி ஒரு கவலை.

"பதினாலு சென்டிமீட்டரா? உங்களுக்கா? வெளிய சொல்லாதீங்க. மொதல்ல கருவிய சரிபார்க்க அனுப்புங்க. அது வர்றவரைக்கும் மனு கினுன்னு எதுவும் போட்டு மாட்டிக்காதீங்க."

மாடியிலிருந்து பல் டாக்டரின் குரல் வந்தது. "சார், நான் ஒண்ணு சொல்லலாமா? போன வருஷம் என் மாடிலேருந்து பாத்தா இந்த மரம் அந்த செல்போன் டவருக்குக் கீழதான்..."

"டாக்டர்!" மனைவி ஒரு போடு போட்டாள். "உங்க வெள்ளைக் கோட்டு தைச்சாச்சு. இப்பவே வந்து போட்டுப் பாத்துருங்க. இன்னிக்கு விட்டா அடுத்த மாசம்தான்."

டாக்டர் கோட்டுக்காக இறங்கிப் போனார். போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோது மரத்தைப் பற்றி அவருக்கு எந்த அபிப்பிராயமும் இல்லை.

கருவி போய் ஐந்து வாரம் கழித்து வந்தது. கூடவே ஒரு சான்றிதழும் வந்தது. பழுது ஒன்றும் இல்லை, இவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிற கருவியைப் பார்த்ததே இல்லை என்று எழுதியிருந்தார்கள். சர்வேயர் ரெண்டு வரியையும் நாலு தடவை படித்தார். மீசைக்காரரை மறுபடி ஏற்றினார். டேப்பில் ஒரு தரம், தியோடலைட்டில் இரண்டு இடத்திலிருந்து இரண்டு தரம். மூன்றும் ஒரே விடை. முப்பது மீட்டர் ஆறு சென்டிமீட்டர்.

அன்று அவர் சாப்பிடவில்லை. பதினோரு தாளையும் மனைவியிடமிருந்து வாங்கி மேஜைமேல் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எந்தத் தாளிலும் பிழை இல்லை. எல்லாம் சரி, ஆனால் எதுவும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. இப்படி ஒரு கொடுமை உலகத்தில் எந்த சர்வேயருக்கும் வரக்கூடாது. திடீரென்று மேஜையை ஓங்கித் தட்டினார்.

"சராசரி! பதினொண்ணையும் கூட்டிப் பதினொண்ணால வகுத்தா இருபத்தொன்பது சொச்சம்தான் வருது. சின்னச் சின்னப் பிசகெல்லாம் அதுல அடிபட்டுப் போயிடும். அதுதான் நிஜமான உயரம். நாளைக்கு மனு!"

மனைவி தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். "நாளைக்கு அவசியம் போடுங்க. இப்ப சாப்பிடுங்க" என்றாள். தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு, சர்வேயர் மனுவில் கடைசி வரியை எழுதிக்கொண்டிருந்தபோது, நகராட்சி அதிகாரியம்மா வந்தார். கையில் ஒரு கோப்பு. பின்னால் சுத்தியலோடு ஒரு ஊழியர். கோப்பைத் திறந்ததும் சர்வேயருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மேலே இருந்தது அவருடைய பதினோராவது தாள். அவர் கையெழுத்து, அவர் சீல்.

"உங்க வீட்டம்மா காலைல ஆபீஸ் திறக்கறப்பவே வந்து மனு குடுத்துட்டாங்க சார். முப்பது மீட்டருக்கு மேல வளர்ந்த மரம், பாதுகாக்கணும்னு. பதினோரு தாள் இணைப்பு. வெப்பநிலை, காற்று, மண் சரிவு, அப்பப்பா! இப்படி ஒரு அளவ எங்க ஆபீஸ்ல யாரும் பாத்ததில்ல. நாங்க தனியா அளக்கவே வேணாம்னு மேல எழுதிட்டாங்க."

சர்வேயர் மெதுவாகத் திரும்பினார். மனைவி பட்டனுக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தாள்.

"சராசரிதான் நிஜம்!" என்று அவர் அலறினார். "பதினொண்ணையும் கூட்டணும் மேடம்! ஒரு அளவ வச்சு முடிவு பண்ணக் கூடாது!"

"எதுக்குங்க சராசரி?" மனைவி இப்போதுதான் வாயைத் திறந்தாள். "ஒரு புள்ளைக்கு மூணு வயசுல எடுத்த அளவையும் பத்து வயசுல எடுத்த அளவையும் கூட்டி வகுத்தா சட்டை தைப்பாங்க? வளர்றதுக்குக் கடைசி அளவுதான். மரம் வளருதுங்க."

ஊழியர் சுத்தியலைக் கை மாற்றிக்கொண்டார்.

வளர்கிறது. அட கடவுளே, வளர்கிறது! ஆயுள் பூராவும் நிலத்தை அளந்த மனுஷன். நிலம் ஒருநாளும் வளர்ந்து காட்டியதில்லை. அளவு மாறினால் பிழை என்றுதான் அவருக்குப் பழக்கம். கொப்பு, சரிவு, டேப்பின் சூடு என்று அவள் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் இவர் ஒரு மாதம் கொடுத்தார். ஒவ்வொரு மாதமும் மரம் சத்தம் போடாமல் வேலையைப் பார்த்திருக்கிறது. கேள்வி ஒவ்வொன்றும் சரியான கேள்வி வேறு. அதுதான் தாங்கமுடியவில்லை.

"மொதல்லேருந்தே உனக்குத் தெரியுமா?"

"எனக்கென்னங்க தெரியும்? அளந்தது நீங்க."

அதிகாரியம்மாவுக்குச் சர்வேயர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். கோப்பைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"சார், ஒரு வழி இருக்கு. விதிலயே இருக்கறதுதான். கடைசி அளவு எடுத்ததுல பிழை நடந்துருச்சுன்னு நீங்களே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டா, இந்தத் தாள் செல்லாது. இதுக்கு முந்தின தாள் இருபத்தொன்பது தொண்ணூத்தி மூணு. முப்பதுக்குக் கீழ. மனுவத் திருப்பி அனுப்பிடுவேன். நீங்க மரத்த வெட்டிக்கலாம்."

சர்வேயரின் கண் விரிந்தது. ஒரே ஒரு வரி! பேனாவை எடுத்தார். மேஜை, நாற்காலி, உள்பக்கம் தாழ்ப்பாள். வரைபடத்தை விரித்தால் விரித்தபடி இருக்கும், யாரும் தட்டு வைக்க மாட்டார்கள். ஒரு வரிதான் எழுத வேண்டும். 'நான் தப்பாக அளந்துவிட்டேன்.' கீழே கையெழுத்து. அதற்கும் கீழே சீல்.

அந்தத் தாள் நகராட்சியில் இருக்கும். கோப்பில் இருக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

மனைவியைப் பார்த்தார். அவள் தடுக்கவில்லை, கெஞ்சவில்லை, இவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. அடுத்த பட்டனை எடுத்துத் துளைக்கு நேராக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் என்ன எழுதுவார் என்பதில் அவளுக்கு ஒரு சின்னச் சந்தேகமாவது இருந்திருந்தால் சர்வேயருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பேனாமுனை தாளில் பட்டது. நின்றது. அதிகாரியம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

கடைசியில் எழுதினார். அதிகாரியம்மா தாளைத் திருப்பிப் படித்தார்.

'முப்பது மீட்டர் ஆறு சென்டிமீட்டர். அளவு மிகச் சரி.'

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றார் அதிகாரியம்மா. ஊழியர் பைக்குள்ளிருந்து ஒரு இரும்புத் தகட்டை எடுத்தார். 'பாதுகாக்கப்பட்ட மரம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. எல்லோரும் பின்பக்கம் போனார்கள். ஊழியர் தகட்டை அடிமரத்தில் சாய்த்து வைத்து முதல் ஆணியை அடித்தார்.

"அய்யா, கொஞ்சம் நிறுத்துங்க!" என்றாள் மனைவி. "தகடு கோணலா இருக்கு. இப்படியே விட்டா இவருக்குத் தூக்கம் வராது."

சர்வேயர் எட்டிப் பார்த்தார். இடதுபக்கம் இரண்டு மில்லிமீட்டர் இறங்கித்தான் இருந்தது. ரசமட்டம் எடுத்துவர உள்ளே போனார்.